செங்காயில் அதிகம், அதனால்?

சென்ற ஆனி மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தட்டு நிறைய மஞ்சள் பேரீச்சங்காய்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீங்களும் கடைத்தெருவில் பார்த்திருப்பீர்கள். கிளையோடு கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்பார்கள். பொட்டலத்தில் வருகிற பழுப்புப் பேரீச்சை அல்ல இது. கடித்தால் நறுக்கென்று உடையும் செங்காய். தட்டில் இருந்தவற்றில் நாலைந்து மட்டும் ஒரு பக்கம் கனிந்து, தேன் நிறமாகி, தொட்டால் குழையும் பதத்தில் இருந்தன. எனக்குப் பிடித்தவை அவைதாம். கையை நீட்டினேன்.

"பெரியப்பா, அதை எடுக்காதீங்க. மஞ்சளா இருக்கிறதை எடுத்துக்குங்க. பழுத்துட்டா ஆன்டிஆக்சிடன்ட் குறைஞ்சு போயிடும்" என்றாள் தம்பி மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"யாரம்மா சொன்னது?"

"கடையில கொடுத்த காகிதத்துல போட்டிருக்கு."

அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் சொல்லியிருந்தது பொய்யன்று. பேரீச்சை பழுக்கப் பழுக்க, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்கள் பலவற்றின் அளவு குறைகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால், ஓர் உண்மையை வைத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வருவது எவ்வளவு எளிது என்பதற்கு அந்தக் காகிதம் நல்ல எடுத்துக்காட்டு. "ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது" என்ற சொற்றொடர் இன்று பிஸ்கட் பொட்டலம் முதல் தேயிலைத் தூள் வரை எல்லாவற்றிலும் ஒட்டப்படுகிறது. அதைப் படிக்கும்போது நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் நமக்கு உயிர் கொடுப்பது. ஆனால் அடங்காத பிள்ளையும் அதுதான். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது, எண்ணெயைச் சிக்கடிக்க வைக்கிறது. உயிரணுக்களுக்குள் நடக்கும் வினைகளில், எலக்ட்ரான் ஒன்று துணையின்றி நிற்கும் துடுக்கான துகள்கள் சில உண்டாகின்றன. தனி உறுப்புகள் என்று வேதியியல் நூல்கள் அவற்றைக் குறிப்பிடுகின்றன. அவை அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். தன் எலக்ட்ரானைக் கொடுத்து அந்தத் துடுக்கை அடக்கும் சேர்மமே ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் சி, கரோட்டின், டானின், கத்தரிக்காய்த் தோலுக்கு ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் ஆகிய எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றின் அமைப்பு வேறு, இருக்கும் இடம் வேறு, வேலையும் வேறு வேறு. ஒரே பெயரில் இவற்றை அடைத்துவிட்டதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

பேரீச்சை மரத்துக்குப் போவோம். மகரந்தம் சேர்ந்ததிலிருந்து பழம் முதிர ஏறக்குறைய ஆறேழு மாதம் ஆகும். இந்தக் காலத்தை அரபு நாட்டு உழவர்கள் நிலைகளாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் அறிவியலாரும் அந்தப் பெயர்களையே ஆளுகிறார்கள். பச்சைக் காயாக இருப்பது கிம்ரி. மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் மாறிய செங்காய் கலால். நுனியிலிருந்து இளகிப் பழுப்பாவது ருதப். நீர் வற்றிச் சுருங்கி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் நிலை தமர். (இந்தத் 'தமர்' நமக்கு அந்நியமன்று. நம் புளியை அரபு வணிகர்கள் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதுவே ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்' ஆயிற்று.)

கிம்ரி நிலையில் காயின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு தண்ணீர். வாயில் வைக்க முடியாது, அவ்வளவு துவர்ப்பு. காரணம் டானின். அது உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடுகிறது. வழுவழுப்புப் போய் நாக்கும் அண்ணமும் உரசுகின்றன; அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். நம் ஊரில் ஆவாரம் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டார்களே, அங்கும் நடப்பது இதேதான்: பட்டையின் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. பச்சைப் பேரீச்சையைக் கடிப்பவன் தன் நாக்கையே கொஞ்சம் பதனிட்டுக்கொள்கிறான் எனலாம்!

மரம் எதற்காக இந்தத் துவர்ப்பைச் சேர்த்து வைக்கிறது? நம் இதயத்தைக் காப்பதற்காக அன்று. உள்ளே விதை இன்னும் முதிரவில்லை. அதற்குள் பறவையோ புழுவோ பூஞ்சையோ காயைத் தின்றுவிட்டால் ஆறு மாத உழைப்பு வீண். டானின் ஒரு வேலி. விதை முதிர்ந்தபின் வேலிக்கு அவசியம் இல்லை. பழத்தை யாராவது தின்று விதையைத் தூரக் கொண்டுபோய்ப் போட வேண்டும். எனவே வேலி இறங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, நிறம் மாறுகிறது.

வேலி எப்படி இறங்குகிறது என்பதுதான் சுவையான பகுதி. டானினில் ஒரு பங்கை, ஃபீனால் சேர்மங்களை ஆக்சிஜனோடு சேர்க்கும் ஒரு நொதி பழுப்பு நிறப் பொருளாக மாற்றிவிடுகிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப்போவதும் அந்த நொதியின் வேலைதான். மற்றொரு பங்கு எங்கும் போவதில்லை. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் பழத்தின் புரதத்தோடும் பிணைந்து பெரிய கட்டியாகி, நீரில் கரையாத நிலையை அடைகின்றன. கரையாத டானின் உமிழ்நீரைத் தொடுவதில்லை. ஆகவே நாக்குக்குத் துவர்ப்புத் தெரிவதில்லை. திருடன் ஊரை விட்டு ஓடிவிடவில்லை, கை விலங்கோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். எல்லா ரகத்திலும் இது ஒரே சமயத்தில் நடப்பதில்லை. ஈராக்கின் பஸ்ரா பகுதியிலிருந்து வந்த பர்ஹி என்ற ரகத்தில் துவர்ப்பு சீக்கிரமே அடங்கிவிடுகிறது. அதனால்தான் அதைச் செங்காயாகவே தின்ன முடிகிறது. குஜராத்தின் கட்ச் பகுதியிலும், நம் தருமபுரிப் பக்கத் தோட்டங்களிலும் பேரீச்சையைப் பெரும்பாலும் செங்காயாகவே விற்பதற்கு வேறொரு காரணம் உண்டு. நம் நாட்டில் காய் கனியும் நேரமும் மழை தொடங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. மரத்திலேயே விட்டால் மழையில் நனைந்து அழுகிவிடும்.

இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் வருவோம். பழத்தில் எவ்வளவு ஃபீனால் சேர்மம் இருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்? பழத்தை அரைத்து, நீரிலோ ஆல்கஹால் கலந்த நீரிலோ ஊறவைத்து, வடிகட்டி, வடிந்த சாற்றை அளக்கிறார்கள். சக்கை குப்பைக்குப் போகிறது. கரையாமல் பிணைந்து கிடக்கும் டானின் சாற்றுக்கு வருமா? பெரும்பகுதி வராது. ஆக, "பழுத்தபோது குறைந்தது" என்று அட்டவணையில் காணும் எண்ணில், உண்மையாகவே அழிந்தது கொஞ்சம், சாற்றுக்கு வராமல் ஒளிந்துகொண்டது கொஞ்சம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது சரியாகுமா?

தண்ணீரும் நம்மை ஏமாற்றும். ஒரு கணக்குப் போடுங்கள். 100 கிராம் செங்காயில் 60 கிராம் தண்ணீர், 40 கிராம் திடப்பொருள் இருப்பதாகவும், அதில் ஏதோ ஒரு சேர்மம் 200 மில்லிகிராம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அது வெயிலில் காய்ந்து தண்ணீர் 20 விழுக்காடாகக் குறைந்தால், 40 கிராம் திடப்பொருள் மொத்த எடையில் 80 விழுக்காடு ஆகும். அதாவது மொத்த எடை 50 கிராம். சேர்மம் அதே 200 மில்லிகிராம்தான். ஆனால் "100 கிராமுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் 400 என்று விடை வரும். ஒரு துளிகூடப் புதிதாக உண்டாகாமலே இரண்டு மடங்கு! ஓர் அட்டவணை ஈர எடைக்குச் சொல்கிறதா, உலர் எடைக்குச் சொல்கிறதா என்று பார்க்காமல் எண்ணை நம்பக் கூடாது.

ஓமன் நாட்டில் விளைந்த மூன்று ரகப் பேரீச்சைகளை, புதிதாகப் பறித்த நிலையிலும் வெயிலில் உலர்த்திய பின்பும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. ஆந்தோசயனின் புதுப் பழத்தில் மட்டுமே தென்பட்டது. கரோட்டினாய்டுகள் உலர்த்தியபின் குறைந்தன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மொத்தத் திறனும் குறைந்தது. ஆனால் மொத்த ஃபீனால் சேர்மங்களின் அளவோ கூடியிருந்தது! ஒரே பழம், ஒரே வெயில். ஓர் எண் இறங்குகிறது, இன்னோர் எண் ஏறுகிறது. இதில் எதை எடுத்து விளம்பரக் காகிதத்தில் போடுவது? விற்பவருக்கு எது வசதியோ அதைப் போடலாம். போடுகிறார்கள்.

பேரீச்சையின் உறவுக்காரர்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். எண்ணெய்ப் பனையின் காய் இளமையில் கருஊதாவாக இருக்கும். பழுக்கும்போது ஆரஞ்சுச் சிவப்பாக மாறும். அங்கே கரோட்டின் குறைவதில்லை, குவிகிறது. சுத்திகரிக்காத பாமாயிலில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் உண்டு. அதனால் அது செக்கச்செவேல் என்று இருக்கும். ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயில் அப்படியா இருக்கிறது? வெளிர் மஞ்சள்தானே? ஆலையில் நிறம் நீக்கி, வாடை நீக்கும்போது கரோட்டின் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. மரம் மாதக்கணக்கில் சேர்த்ததைச் சில மணி நேரத்தில் துடைத்துவிட்டு, வேறொரு டப்பாவில் வைட்டமினை நமக்கு விற்கிறார்கள். இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பிரேசிலின் அமேசான் கரையில் வளரும் அசாயி என்ற பனையில் இன்னொரு விதம். அதன் பழம் பழுக்கும்போது ஆந்தோசயனின் ஏறுகிறது, மற்ற ஃபீனால் சேர்மங்கள் இறங்குகின்றன.

நம் பனையை மறக்கலாமா? "நுங்கில் அதிகமா, பனம்பழத்தில் அதிகமா?" என்று ஒரு பள்ளியில் என்னைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியே பொருந்தாது. நுங்கு என்பது விதைக்குள் இருக்கும் முளைசூழ்தசை. பனம்பழம் என்று நாம் சப்பித் தின்பது விதைக்கு வெளியே இருக்கும் நாரும் சதையும். இரண்டையும் ஒப்பிடுவது, இளநீரையும் தேங்காய் மட்டையையும் ஒப்பிடுவது போல. நுங்குப் பருவத்தில் அந்த வெளிச்சதை வெளிறி, துவர்த்து, மாட்டுக்குப் போடுவதற்குத்தான் ஆகிறது. அதே சதை சில மாதத்தில் மஞ்சளாகி, ஊரே மணக்க, மரத்தடியில் 'தொப்'பென்று விழுகிறது. அந்த மஞ்சள் கரோட்டினாய்டுகளின் நிறம். சுட்டுத் தின்னும்போது தெரியும் இலேசான கசப்புக்குக் காரணமான சபோனின் வகைச் சேர்மங்களை இலங்கை ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் அந்தச் சதையைப் பிழிந்து, பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு செய்வார்கள். நம் பக்கத்திலோ, கிழங்குக்காகக் கொட்டையைப் புதைப்பதோடு சரி. சதை மண்ணில் மக்கிப் போகிறது. கடல் கடந்து வரும் அசாயித் தூளுக்குக் காசைக் கொட்டும் வீட்டுக்குப் பின்புறத்திலேயே இது நடப்பதையும் கண்டிருக்கிறேன்.

சரி, இவை உடலுக்குள் போனபின் என்ன நடக்கிறது? என் வாதத்தின் உயிர்நாடி இதுதான். ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளப்பது எளிது. ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டால் எவ்வளவு வேகமாக ஊதா மறைகிறது என்று பார்க்கலாம். ஆனால் நம் வயிறு சோதனைக் குழாயன்று. டானின் பெரும்பாலும் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போவதே இல்லை. உள்ளே போகும் சிறிய ஃபீனால்களையும் கல்லீரல் உடனே உருமாற்றிவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தது. சோதனைக் குழாய் எண்ணுக்கும் உடல் நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, நிறுவனங்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி, 2012-இல் அந்தப் பட்டியலைத் தானே விலக்கிக்கொண்டது.

அதற்கும் முன்பே ஓர் அதிர்ச்சி நேர்ந்தது. கரோட்டின் நிறைந்த காய்கறி, பழங்களை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்ட அறிஞர்கள், கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும், சிலருக்கு வெற்று மாத்திரையும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. கரோட்டின் தின்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னொரு சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 'ஆன்டிஆக்சிடன்ட் என்றால் நல்லது, அதிகம் என்றால் இன்னும் நல்லது' என்பது எவ்வளவு ஆபத்தான எண்ணம், பாருங்கள்.

இதனால் கரோட்டினே கெட்டது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது போதாவிட்டால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வருகிறது. இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. ஆகவே பழுத்த பனம்பழத்தையோ மாம்பழத்தையோ கரோட்டினுக்காகப் பாராட்டுங்கள். அந்தச் சேர்மத்தின் பெயரைச் சொல்லி, அது செய்யும் வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள். பேரீச்சையில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இருக்கின்றன. சர்க்கரையும் ஏராளம், உலர்ந்த பழத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இவையெல்லாம் பெயரும் முகவரியும் உள்ள செய்திகள். 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று மொத்தமாகச் சொல்வது, ஒரு வகுப்பைப் பற்றிக் கேட்டால் "அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள்" என்று பதில் சொல்வது போல.

ஃபீனால் அதிகம் என்பதே உயர்வு என்றால், உலகிலேயே சிறந்த பேரீச்சை, துவர்ப்பில் வாயில் வைக்க முடியாத பச்சைக் கிம்ரிக்காய்தான். அதை எந்த அரபு நாட்டுத் தாயும் பிள்ளைக்கு ஊட்டுவதில்லை.

இதையெல்லாம் தம்பி மகளிடம் சொன்னேன். பாதி நம்பினாள். மீதிப் பாதிக்காக, ஊரிலிருந்து ஈச்சங்குலை ஒன்றை வரவழைத்தாள். காட்டு ஈச்சை பேரீச்சையின் சொந்தத் தங்கைதானே! காயைத் துவர்ப்பில் தின்ன முடியாது; வைக்கோலில் மூடிவைத்தால் கறுத்துக் கனிந்து இனிக்கும். வேதியியல் ஆசிரியரின் அனுமதியோடு பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாளுக்கு ஐந்து பழமாக எடுத்து நசுக்கி, ஒரே அளவு நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் இரண்டு துளி விட்டாள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து அந்தக் காலத்தில் மை செய்தது இந்த வினையால்தான். முதல் நாள் சாறு கரும்பச்சையாக மாறியது. அடுத்தடுத்த நாட்களில் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. முற்றிலும் கனிந்த பழத்தின் சாற்றில் ஏதோ சாயல் போல் தெரிந்ததோடு சரி.

"காகிதத்துல போட்டது சரிதான் பெரியப்பா" என்று தொலைபேசியில் வெற்றிக் குரலில் சொன்னாள்.

"வடிகட்டியில் தங்கிய சக்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

மறுநாள் மாலை மறுபடியும் தொலைபேசி. சக்கை கறுத்ததாம். ஆசிரியரும் வந்து பார்த்தாராம். இப்போது சாற்றையும் சக்கையையும் தனித்தனியாக, நாள்தோறும் எடை போட்டு எழுதப் போகிறாளாம். ஆனால் குலையில் மிச்சம் இருந்த பழத்தையெல்லாம் வகுப்புப் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். இன்னொரு குலை கிடைக்குமா என்று ஊருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.